பிறந்த ஊரும் விற்கும் விலையும்

போர்ஷே நிறுவனத்தின் பாக்ஸ்டர், இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையைத் திறந்து மூடும் ஸ்போர்ட்ஸ் கார். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரின் சுஃபன்ஹாவுசன் ஆலையில் தயாராகிவந்த அந்த வண்டி, 1997 முதல் 2011 வரை பின்லாந்தின் மேற்குக் கரையில் ஊசிகௌபுங்கி என்ற சிற்றூரிலும் தயாரானது. அங்கே போர்ஷேவுக்காக வண்டி பூட்டிக்கொடுத்தது வால்மெட் என்ற நிறுவனம். பெயர் ஒன்று, வரைபடம் ஒன்று, உத்தரவாதமும் ஒன்று. எந்த வண்டி எங்கே பிறந்தது என்று தெரிய வேண்டுமானால் சேசிஸ் நம்பரைத்தான் பார்க்க வேண்டும். எழுத்தும் எண்ணும் கலந்த பதினேழு இடங்களில் பதினோராவது இடத்தில் ‘எஸ்’ இருந்தால் ஸ்டுட்கார்ட். ‘யு’ இருந்தால் ஊசிகௌபுங்கி. இதில் ஒரு வேடிக்கை, இரண்டு வண்டிகளின் நம்பரும் ஜெர்மனியைக் குறிக்கும் ‘டபிள்யூ’ எழுத்தில்தான் தொடங்குகிறது. ஆக, பின்லாந்தில் பூட்டிய வண்டி முதல் எழுத்தில் ஜெர்மனிக்காரன், பதினோராவது எழுத்தில் பின்லாந்துக்காரன். பழைய பாக்ஸ்டர் வாங்க வருகிறவர்களில் சிலர், முன்கண்ணாடிக்குக் கீழே பொறித்திருக்கும் அந்த ஓர் எழுத்தைக் குனிந்து தேடுகிறார்கள். ‘யு’ என்றால் விலையைக் குறை என்கிறார்கள். நேர்மாறாக, பின்லாந்து வண்டியின் பூட்டுமானம்தான் நேர்த்தி என்று சாதிப்பவர்களும் உண்டு. சண்டை போடும் இந்த இரண்டு கட்சியும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றன: பிறந்த நாடு வண்டிக்குள் ஒரு குணமாகத் தங்கியிருக்கிறது என்பதில். நான் மறுக்க வருவது இந்த ஒற்றுமையைத்தான். பிறப்பிடம் மறுவிற்பனை விலையைப் பாதிக்கக்கூடும். அந்தப் பாதிப்புக்கு வண்டிக்குள் ஆதாரம் கிடையாது.

இதைப் பேச நம் மரபில் ஆயத்தமான சொற்களே இருக்கின்றன. சைவ சித்தாந்தம் குடத்தை வைத்துக் காரணத்தை மூன்றாகப் பிரிக்கும். மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம். உலகத்துக்கு ஒரு கர்த்தா உண்டென்று நிறுவ வந்த பகுப்பு அது என்றாலும், காரை அதன்முன் நிறுத்தினால் தடுமாறாமல் வேலை செய்கிறது. ஊசிகௌபுங்கி பாக்ஸ்டரின் இன்ஜின் சுஃபன்ஹாவுசனில் உருவாகிக் கப்பலேறிப் போனது. ஆக, முதற்காரணத்தில் மிக முக்கியமான பங்கு ஜெர்மனியுடையது. உடலைப் பற்றவைத்த கருவிகளும் பெயின்ட் கூடமும் பின்லாந்தில் இருந்தன, துணைக்காரணம் அங்கே. வண்டியை வடிவமைத்தவர்கள் போர்ஷேயின் ஜெர்மன் பொறியாளர்கள், கையால் பூட்டியவர்கள் பின்லாந்துத் தொழிலாளர்கள் என்பதால் நிமித்த காரணமும் இரண்டாகப் பிளக்கிறது. இத்தனையிலும் ‘நாடு’ என்று தனியாக ஒரு காரணம் எங்கே நிற்கிறது? இடத்தையும் காலத்தையும் தர்க்க நூல்கள் எல்லாக் காரியங்களுக்கும் பொதுக் காரணமாகத்தான் வைக்கின்றன. எது உண்டானாலும் ஏதோ ஓர் இடத்தில்தான் உண்டாக வேண்டும். எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பதாலேயே, ஒன்று நன்றாகவும் மற்றொன்று மோசமாகவும் அமைந்ததற்கு அது விளக்கம் ஆகாது. கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர், இன்ன அட்சரேகை என்பதால் எந்தப் போல்ட்டும் இறுகவோ தளரவோ போவதில்லை.

இதற்கு வலுவான பதில் ஒன்று உண்டு. அது பௌத்தத்திலிருந்தே வரலாம். மிலிந்த மன்னனிடம் பௌத்தத் துறவி நாகசேனர், தேர் என்பது அச்சா, சக்கரமா, நுகமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எதுவும் இல்லை என்று சொல்ல வைத்தார். பாகங்கள் சேர்ந்து நிற்கும்போது வழங்கும் பெயரே தேர் என்று முடிந்தது அந்த உரையாடல். அப்படியானால் பாகங்கள் சேரும் இடமல்லவா தேரின் பிறப்பிடம்? ஸ்டுட்கார்ட்டில் கிடக்கும் இன்ஜின் கார் அல்ல; ஊசிகௌபுங்கியில் கடைசிக் கதவு பொருந்தும்போதுதான் அது கார். எனவே பூட்டிய இடத்துக்கு மற்ற எல்லா இடங்களையும்விட உரிமை அதிகம் என்று ஒருவர் வாதிடலாம். நான் அதை ஏற்கிறேன். ஆனால் இந்த வாதம் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். அது பூட்டுதல் என்ற செயலை மேலே தூக்குகிறது. கவனமாகப் பூட்டினார்களா, அசட்டையாகப் பூட்டினார்களா என்ற கேள்வியைக் கேட்கச் சொல்கிறது. செயல் எந்தக் கொடியின் கீழ் நடந்தது என்பதற்கு அது ஒரு மதிப்பும் தரவில்லை.

இங்கே சந்தைக்காரர் குறுக்கிடுவார். ‘அட்சரேகையைப் பற்றி யார் பேசினார்கள்? ஜெர்மனி என்று நாங்கள் சொல்வது அங்குள்ள பயிற்சி, ஒழுங்கு, பரிசோதனை எல்லாவற்றுக்குமான சுருக்கப் பெயர்’ என்பார். நியாயமான பேச்சு. அப்படியானால் அது அனுமானம். அனுமானத்தைச் சோதிக்க நியாயம் என்ற தர்க்க மரபைச் சேர்ந்த நையாயிகர்கள் வைத்திருக்கும் உரைகல்லில் உரசிப் பார்க்கலாம். புகை இருந்தால் நெருப்பு இருக்கும், இது செல்லும். நெருப்பு இருந்தால் புகை இருக்கும், இது செல்லாது. காய்ச்சிச் சிவந்த இரும்பில் நெருப்புண்டு, புகையில்லை. புகைக்கு ஈர விறகு வேண்டும். அந்த ஈர விறகைத்தான் உபாதி என்றார்கள், அதாவது நாம் காரணமென்று எண்ணுவதற்குப் பின்னால் மறைந்திருந்து உண்மையில் வேலை செய்யும் நிபந்தனை. ஜெர்மனி என்றால் தரம் என்ற அனுமானத்தில் உபாதி, ஆலையின் வேலைமுறை. வேலைமுறை நாட்டை விட்டு நகர்ந்தால் தரமும் கூடவே நகரும். இதை ஊகமாகச் சொல்லத் தேவையில்லை. போர்ஷேயின் வரலாறே சாட்சி. 1990களின் தொடக்கத்தில் அந்த நிறுவனம் நஷ்டத்தில் மூழ்கிக்கொண்டிருந்தது. அப்போது தலைமைக்கு வந்த வெண்டெலின் வீடெகிங், டொயோட்டாவில் பழகிய ஜப்பானிய ஆலோசகர்களை சுஃபன்ஹாவுசனுக்கு வரவழைத்தார். உதிரிபாகங்கள் ஆளுயரத்துக்கு மேல் அடுக்கப்பட்டிருந்த அலமாரிகளைப் பார்த்த அவர்கள், வீடெகிங் கையில் ஒரு ரம்பத்தைக் கொடுத்து, மேல்பாதியை அறுத்துத் தள்ளச் சொன்னார்கள். தொழிலாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க அவர் அறுத்தார். சரக்கைக் குவித்து வைத்துக்கொண்டு, தவறுகளைக் கடைசியில் திருத்தும் பழைய வழக்கத்துக்கு அங்கே விழுந்த வெட்டு அது. ‘எஸ்’ எழுத்துக்காக இன்று கூடுதல் விலை கேட்பவர், ஜெர்மன் ஒழுங்கு என்று பாராட்டுவதில் ஒரு பங்கு ஜப்பானிலிருந்து கற்றது. ஊசிகௌபுங்கியும் நேற்று முளைத்த ஆலை அல்ல. 1969 முதல் அங்கே ஸ்வீடனின் சாப் கார்கள் தயாராகிவந்தன. சாப் 900இன் திறந்த கூரை வண்டியை ரசிகர்களுக்குக் கட்டிக்கொடுத்தது அந்த ஊர்தான்.

இன்னும் கூர்மையான சான்று இன்ஜினுக்குள் இருக்கிறது. முதல் தலைமுறை பாக்ஸ்டரைப் பற்றி விசாரிக்கிற எவரும் முதலில் கேள்விப்படுவது அதன் இடைத்தண்டு பேரிங்கைப் பற்றித்தான். இன்ஜினுக்குள் ஆழத்தில் இருக்கும் அந்தச் சிறு பேரிங் தேய்ந்து உடைந்தால் இன்ஜினே நாசமாகலாம். அமெரிக்காவில் வண்டிச் சொந்தக்காரர்கள் கூட்டாகப் போட்ட வழக்கு சமரசத்தில் முடிந்தது. அந்த இன்ஜின் எங்கே உருவானது? ‘எஸ்’ வண்டிக்கும் ‘யு’ வண்டிக்கும் ஒரே இடத்தில், ஸ்டுட்கார்ட்டில். வாங்குகிறவரின் பணத்தை விழுங்கக்கூடிய இந்தப் பெரிய குறை, அவர் தேடி அலையும் நாட்டிலிருந்தே வருகிறது. அவர் உற்றுப் பார்க்கும் எழுத்து அதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

ஆனாலும் அடையாளங்களை நம்புவது மூடத்தனம் என்று சொல்லிவிட முடியாது. பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்கு உதாரணமே பழைய கார் சந்தைதான். விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வே நல்ல வண்டிகளையும் மலிவாக்கி, கடைசியில் சந்தையை விட்டே விரட்டிவிடும் என்று அவர் காட்டினார். இருட்டில் நிற்பவர் கைக்குக் கிடைத்த எந்த விளக்கையும் பிடித்துக்கொள்வார். பிறந்த நாடு அப்படி ஒரு விளக்கு என்றால் ஒருவரைக் குறைசொல்ல முடியுமா? புதிய வண்டி வரிசையாக வெளிவரும் காலத்தில், எந்த ஆலையின் வண்டி எப்படி நிலைக்கும் என்று யாருக்கும் தெரியாதபோது, முடியாது. இருபது வருஷம் ஓடிய வண்டியைப் பொறுத்தவரை நிலைமை வேறு. அதன் சர்வீஸ் ரெக்கார்டு இருக்கிறது. ஆயில் பில்டரை வெட்டிப் பிரித்து, மடிப்புகளுக்கு நடுவே உலோகத் துகள் மின்னுகிறதா என்று பார்க்கிற மெக்கானிக் இருக்கிறார். பேரிங் மாற்றிய பில் இருக்கிறதா, இல்லையா என்று கேட்டாலே தெரிந்துவிடும். பிரத்தியட்சம், அதாவது நேரில் காண்பது, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அனுமானத்தைப் பிடித்துத் தொங்குவதை எந்தத் தர்க்க மரபும் ஒப்புக்கொள்வதில்லை. போதாததற்கு, நாட்டின் பெயர் என்ற விளக்கே நிலையாக எரிவதில்லை. பிரிட்டன் 1887இல் வணிகக் குறிகள் சட்டம் இயற்றி, வெளிநாட்டுச் சரக்கில் அது எங்கே செய்யப்பட்டது என்று பொறிக்க வைத்தது. ஜெர்மனியிலிருந்து வரும் மட்டமான நகல் சரக்கைத் தன் மக்கள் இனம்கண்டு ஒதுக்கட்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. எச்சரிக்கையாக ஒட்டிய அதே முத்திரை சில ஆண்டுகளிலேயே ஜெர்மன் சரக்குக்குச் சிபாரிசுச் சீட்டாக மாறிவிட்டது.

இதுவரை சொன்னதை எல்லாம் ஒப்புக்கொண்டு, ஒருவர் இன்னும் சிரித்துக்கொண்டே பேரம் பேசலாம். ‘எனக்கு இந்த எழுத்தில் நம்பிக்கை இல்லை. நாளை என்னிடம் வாங்க வருகிறவருக்கு இருக்கலாம். அதனால் இன்றே விலையைக் குறைத்துக் கேட்கிறேன்.’ மறுவிற்பனை விலையின் சூட்சுமம் முழுவதும் இந்தப் பேச்சில் இருக்கிறது. பொருளாதார அறிஞர் கெயின்ஸ் 1936இல் பங்குச் சந்தையைப் பத்திரிகை அழகுப் போட்டியோடு ஒப்பிட்டார். அந்தப் போட்டியில் பரிசு, அழகான முகத்தைத் தேர்ந்தவருக்குக் கிடையாது. எல்லாரும் எதைத் தேர்வார்கள் என்று சரியாக ஊகித்தவருக்கே. பழைய கார் சந்தையும் ஓரளவு அப்படித்தான். அதனால் யாருமே நம்பாத ஒன்று எல்லாருடைய விலையையும் பாதிக்க முடியும். நம்புகிற ஆள் எப்போதும் அடுத்து வரப்போகிறவராகவே இருப்பார். பணத் தாளும் அப்படித்தானே, வெறும் நம்பிக்கையில் ஓடவில்லையா என்று கேட்கலாம். வித்தியாசம் இருக்கிறது. ரூபாய் நோட்டு தன்னைப் பற்றி எந்த உரிமையும் கோருவதில்லை. இந்தத் தாள் நல்ல பருத்தி என்று யாரும் அதை வாங்குவதில்லை. ஆகவே அது பொய்யாக வழியில்லை. ‘யு’ எழுத்துக்கான தள்ளுபடி அப்படிப்பட்ட சுத்தமான வழக்கம் அல்ல. இந்த வண்டி தரம் குறைந்தது என்ற ஒரு கூற்றில் சாய்ந்துகொண்டுதான் அது நிற்கிறது. கூற்று விழுந்தால் வழக்கமும் விழ வேண்டும். விழாமல் நின்றால், யாரோ ஒருவர் முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். பெரும்பாலான விலைக் கையேடுகள் மாடல், ஆண்டு, ஓடிய தூரம், வண்டியின் நிலை என்றே விலை சொல்கின்றன என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

எனக்கு மிகவும் தொந்தரவு தரும் எதிர்வாதம் வேறொன்று. பிறப்பிடம் விலையை நிர்ணயிப்பது சரிதான் என்று நாமே ஒப்புக்கொள்ளும் வண்டிகள் உண்டு. அவற்றில் முதன்மையானதும் போர்ஷேதான். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குத் தப்பி அந்த நிறுவனம் ஆஸ்திரியாவில் கமுண்ட் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. போர்ஷே என்ற பெயர் தாங்கிய முதல் ஸ்போர்ட்ஸ் கார் 1948இல் பிறந்தது அங்கேதான், ஜெர்மனியில் அல்ல. மரம் அறுக்கும் ஆலையாக இருந்த கொட்டகையில், அலுமினியத் தகட்டைக் கையால் தட்டித் தட்டி வளைத்து, 356 மாடலில் ஐம்பது சொச்சம் வண்டிகளைச் செய்தார்கள். 1950இல் தயாரிப்பு ஸ்டுட்கார்ட்டுக்குத் திரும்பியது. உடல் எஃகுக்கு மாறியது. இன்று சேகரிப்பாளர்கள் கமுண்ட் வண்டிக்குத்தான் உயிரை விடுகிறார்கள். அங்கே மட்டும் பிறப்பிடம் செல்லும், ஊசிகௌபுங்கியில் செல்லாது என்றால் எப்படி? தத்துவஞானி சால் கிரிப்கி 1970இல் பிரின்ஸ்டனில் ஆற்றிய உரைகளில், ஒரு மேசை எந்த மரக்கட்டையிலிருந்து வந்ததோ அதிலிருந்தன்றி வேறொன்றிலிருந்து வந்திருக்க முடியாது என்று வாதிட்டார். வேறு மரத்தில் செய்தால் அச்சு அசலாக இருந்தாலும் அது வேறு மேசை. அவர் சொல்வதை அப்படியே ஏற்றாலும், மூலம் நமக்குச் சொல்வது இது எந்தப் பொருள் என்பதை மட்டுமே; எப்படிப்பட்ட பொருள் என்பதை அல்ல. கமுண்ட் வண்டியில் நாம் விலை கொடுப்பது, இது இன்னது என்ற அந்த அடையாளத்துக்கு: முதலில் வந்தவற்றில் ஒன்று, விரல்விட்டு எண்ணக்கூடியவர்களின் சுத்தியல் பட்ட தகடு. அந்தத் தட்டுகளின் தடம் உலோகத்தில் கிடக்கிறது. ஆஸ்திரியா என்பதற்காக யாரும் கூடுதலாகக் கொடுக்கவில்லை. ஆஸ்திரியாவுக்கு அப்படி ஒரு மந்திரம் இருந்தால், 2019 முதல் அதே நாட்டில் கிராஸ் நகரில் தயாராகிவந்த டொயோட்டா சுப்ராவுக்கும் அது பலித்திருக்க வேண்டுமே! அங்கோ ரசிகர்கள் இது ஜப்பான் வண்டியே அல்ல என்று குறைபட்டார்கள். அந்த மனத்தாங்கலையும் பிரித்துப் பார்த்தால், கிராஸ் மீது பெரிதாக ஒன்றும் இல்லை. உள்ளே இருப்பது பிஎம்டபிள்யூ இன்ஜின் என்பதுதான் நெருடல். ஊர் வெறுமனே பழி சுமந்தது.

வரி வேறு சங்கதி. முழு வண்டியாக இறக்குமதியாவதற்கு ஒரு தீர்வை, உதிரியாக வந்து இங்கே பூட்டப்படுவதற்கு அதைவிடக் குறைந்த தீர்வை என்று வைத்திருக்கும் இந்தியா போன்ற நாட்டில், பூட்டிய இடம் ஷோரூம் விலையை மாற்றும். அந்த வித்தியாசம் மறுவிற்பனைக்கும் கசியும். அது அரசு போட்ட கோடு. அதற்கும் வண்டியின் குணத்துக்கும் சம்பந்தமில்லை என்பது எல்லாருக்கும் தெரியும் என்பதாலேயே அதில் ஏமாற்றமும் இல்லை.

மிச்சமிருப்பது அறம். காருக்கு மனம் நோகாது. ஆகவே பிறந்த இடத்தை வைத்து அதைத் தாழ்த்தினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பார்கள். பிறப்பைப் பார்த்து விலை சொல்லும் பழக்கம் மனிதர்களிடம் என்ன செய்தது என்று நன்றாகவே அறிந்த சமூகத்தில் வாழ்கிறோம். அந்தப் பழக்கத்தைக் காருக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டு ஊதிப் பெருக்க நான் விரும்பவில்லை, இரண்டும் ஒரே தராசில் வைக்கத்தக்கவை அல்ல. ஆனால் ‘யு’ எழுத்துக்கான தள்ளுபடி போய் விழுவது காரின் தலையில் அல்ல. அது, ஒரு கூட்டம் தொழிலாளர்கள் செய்த வேலையைப் பற்றி, அந்த வேலையைப் பார்க்காமலே எழுதப்பட்ட தீர்ப்பு. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பிஎம்டபிள்யூ கார்களைப் பூட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கைவேலையைப் பற்றி இப்படி ஒரு தீர்ப்பு வந்தால் நமக்கு உடனே புரிந்துவிடும். தீர்ப்பைத் தான் நம்பவில்லை, சந்தை நம்புவதால் விலையில் சேர்த்தேன் என்பவர் மற்றவர்களைவிடக் குற்றம் குறைந்தவர் அல்ல. நம்பி ஏமாறுகிறவருக்கு அறியாமை என்ற சமாதானமாவது உண்டு. பொய்யென்று தெரிந்தே அதை அடுத்தவர் கைக்கு மாற்றிவிடுகிறவருக்கு அதுவும் கிடையாது. விற்பவருக்கும் இதே அளவுகோல்தான்: கேட்டால் எந்த ஆலை என்று மறைக்காமல் சொல்ல வேண்டும், ஸ்டுட்கார்ட் வண்டி என்பதை ஒரு தரச் சான்றாக விளம்பரத்தில் போட்டுக் கூடுதல் பணம் கேட்கக் கூடாது.

பழைய பாக்ஸ்டர் ஒன்றுக்கு விலை பேசுகிறவர் செய்ய வேண்டியது இவ்வளவே. பேரிங் மாற்றியதற்கு பில் இருந்தால் விலையைக் கூட்டிக் கொடுங்கள். சர்வீஸ் ரெக்கார்டு இல்லையென்றால் தயங்காமல் குறையுங்கள். எந்த நாட்டில் பூட்டியது என்பதற்காக ஒரு காசுகூடக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். யாராவது கேட்டால் காரணத்தையும் சொல்லிவிடுங்கள்.